கணீரென்று ஒலிக்காத கல்

எங்கள் பக்கத்து மேஸ்திரிகள் புதிய லோடு கல் வந்து இறங்கியதும் செய்கிற முதல் காரியம், இரண்டு கல்லைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பதுதான். வெண்கலக் கும்பாவைத் தட்டியதுபோல் கணீரென்று ஓசை வந்தால் கல் நன்றாக வெந்திருக்கிறது என்று பொருள். மந்தமாக ஒலித்தால் விலையில் பேரம் தொடங்கும், அல்லது லோடு வந்த வழியே திரும்பும். சூடாக்கினால் பொரிந்து பருக்கிற வெர்மிகுலைட் என்ற கனிமத்தைக் கலந்து நான் வார்த்த கற்களை, அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் பழக்கமான ஒரு மேஸ்திரியிடம் முதன்முதலாகக் கொண்டுபோய்க் காட்டியபோது அவரும் அதையே செய்தார். தக்கையோடு தக்கையைத் தட்டியதுபோல் ஏதோ கேட்டது. அதை ஓசை என்று சொல்வதே மிகை. கல்லை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது கல்லா, ரஸ்க்கா தம்பி?" என்றார்.

அந்தக் கேள்வியில் பாதி கேலி, பாதி நியாயம். எடை குறைந்த கனிமங்களைக் கொண்டு கல் வார்ப்பது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று எங்கும் சொல்லப்படுகிறது. நானும் அதை நம்பித்தான் இறங்கினேன். எந்த அளவுக்கு அது உண்மை, எந்த இடத்தில் அது வெறும் விளம்பரப் பலகை வாசகமாக ஆகிவிடுகிறது என்பதைக் கையால் வார்த்து, தராசில் நிறுத்து, மழையில் நனையவிட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் அப்பா திருப்பத்தூருக்கு அருகே நாட்டுக்கல் சூளை வைத்திருந்தார். ஒன்பது அங்குல நீளம், நான்கு அங்குல அகலம், மூன்று அங்குல உயரம் உள்ள ஒரு கல் வெந்தபின் ஏறத்தாழ 3 கிலோ இருக்கும். ஒரு லட்சம் கல்லுக்கு எவ்வளவு மண் போயிருக்கும் என்பதை இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம். மண் பிசையும்போது அப்பா நெல் உமியைக் கலப்பார். சூளையில் உமி எரிந்துபோய், அது இருந்த இடம் நுண்ணிய வெற்றிடமாக நின்றுவிடும். கல் சற்றே எடை குறையும், உள்ளிருந்தே கொஞ்சம் சூடும் கிடைக்கும். எடை குறைந்த கல்லின் சூத்திரம் முழுவதும் அந்த உமியில் இருந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. கல்லுக்குள் காற்றை அடைப்பதுதான் இந்தத் தொழிலின் சாரம். எந்தப் பொருளைக் கொண்டு, எவ்வளவு செலவில் அடைக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

சூளையை மூடிய பிறகு நான் சாம்பல் கல்லுக்கு மாறினேன். மேட்டூர் அனல்மின் நிலையத்துச் சாம்பலை பல்கர் லாரியில் வாங்கி, சுண்ணாம்பும் ஜிப்சமும் குவாரித் துகளும் சேர்த்து அழுத்தி எடுக்கிற கல் அது. மண்ணை வெட்டிச் சுடுவதைக் குறைத்து அனல்மின் சாம்பலைப் பயன்படுத்தவேண்டும் என்று நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் 1999 செப்டம்பரில் அறிவிக்கை வெளியிட்டது. அனல்மின் நிலையத்துக்கு 50 கிலோமீட்டர் சுற்றளவில் இருந்த சூளைகள் மண்ணோடு குறைந்தது கால் பங்கு சாம்பல் கலக்கவேண்டும் என்பதில் தொடங்கிய அந்த ஏற்பாட்டின் எல்லை, பின்னர் 100 கிலோமீட்டராகவும் 2016இல் 300 கிலோமீட்டராகவும் விரிந்தது. என்னைப் போன்ற சிறு பட்டறைக்காரர்கள் பெருகியதற்கு அந்த அறிவிக்கையும் ஒரு காரணம். ஆனால் சாம்பல் கல்லும் எடையில் நாட்டுக்கல்லுக்குச் சளைத்ததல்ல. அதுவும் 3 கிலோதான். வெயிலை வாங்கி இரவெல்லாம் உமிழ்வதிலும் இரண்டும் ஏறக்குறைய ஒரு சாதி.

வெர்மிகுலைட் என்றால் இன்று பலருக்கு மாடித் தோட்டம்தான் நினைவுக்கு வரும். தென்னை நார்க்கழிவோடு கலந்து விதை முளைக்க வைக்கும் பொன்னிறப் பொருக்கு அது. அந்தப் பொரிந்த வடிவில் அது பூமியில் கிடைப்பதில்லை. இந்தியாவில் அறியப்பட்ட வெர்மிகுலைட் இருப்பில் பெரும்பகுதி தமிழ்நாட்டில், அதிலும் எங்கள் திருப்பத்தூரை ஒட்டிய சேவாத்தூரில்தான் இருக்கிறது என்பதை, அந்த ஊர் வழியாக நூறு முறை வண்டியில் போய்வந்த நான் நாற்பது வயதுக்குமேல்தான் அறிந்தேன். அங்கே கார்பனடைட் என்னும் அரிய வகைப் பாறை இருக்கிறது. பூமியின் ஆழத்திலிருந்து பல கோடி ஆண்டுகளுக்கு முன் எழுந்துவந்த, சுண்ணாம்புச் சத்து மிகுந்த தீப்பாறை. அதையொட்டிய பாறைகளில் இருந்த கருமைக்கா என்னும் கறுப்பு அப்பிரகம், நீண்ட காலம் நீரூறி மாறியதில் வெர்மிகுலைட் உண்டாயிற்று. உலகச் சந்தைக்கு நிறைய வெர்மிகுலைட் அனுப்பும் தென்னாப்பிரிக்கப் பலபோராச் சுரங்கமும் இப்படி ஒரு கார்பனடைட் கூட்டத்தில்தான் அமைந்திருக்கிறது. சேவாத்தூரில் இந்தக் கனிமத்தை எடுப்பது தமிழ்நாடு கனிம நிறுவனம், அதாவது நாம் டாமின் என்று சொல்லும் அரசு நிறுவனம்.

பொரிக்காத வெர்மிகுலைட் பார்வைக்கு ஒன்றும் பெரிதாக இருக்காது. பழுப்பும் பச்சையும் கலந்த, விரலில் மினுக்கு ஒட்டுகிற அப்பிரகத் தகடுகள். ஒரு பிடி வாங்கிவந்து, ஊரில் இன்னும் கலப்பைக் கொழு அடிக்கிற கொல்லுப்பட்டறையில் துருத்தியை ஊதச் சொல்லி, கரண்டியில் வைத்துக் கனலுக்குள் நீட்டினேன். இரண்டு மூன்று நொடி எதுவும் நடக்கவில்லை. பிறகு தகடுகள் ஒவ்வொன்றாக நெளிந்து எழுந்து, ஆர்மோனியத் துருத்தி விரிவதுபோல் நீண்டு, கரண்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே விழத் தொடங்கின. புழு நெளிவதுபோல் இருப்பதால்தான் லத்தீனில் புழுவைக் குறிக்கும் சொல்லிலிருந்து 1824இல் அமெரிக்காவில் இதற்குப் பெயர் வைத்தார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. நெல் பொரிவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். தகடுகளுக்கு இடையே சிக்கியிருக்கும் நீர் திடீரென்று ஆவியாகி, வெளியேற வழியின்றித் தகடுகளைத் தள்ளிப் பிரிக்கிறது. உலையில் 650 முதல் 950 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இப்படிப் பொரியும்போது, தரத்தைப் பொறுத்து 8 மடங்கு முதல் 30 மடங்குவரை அது பருக்கிறது. பொரிந்த வெர்மிகுலைட் ஒரு கன மீட்டர் 100 கிலோ அளவில்தான் நிற்கும். ஆறடி மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கலாம் என்பதே முதலில் ஒரு குழந்தைத்தனமான மகிழ்ச்சியைத் தந்தது.

இது புதிய எண்ணமும் அல்ல. ரோமில் உள்ள பாந்தியன் கோயிலின் 43 மீட்டர் அகலக் குவிமாடத்தைக் கட்டியவர்கள், அடித்தளக் கலவையில் கனமான சுண்ணப்பாறைச் சில்லுகளையும், மேலே போகப்போக எரிமலைச் சாம்பல்கல்லையும், உச்சியில் நுரைக்கல்லையும் போட்டார்கள். இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த அந்தக் கூரை இன்றும் நிற்கிறது. நம் கோபுரங்களிலும் எடையைப் பற்றிய அறிவு தெரிகிறது. கொடுங்கை வரை கருங்கல், அதற்குமேல் தளங்கள் செங்கலும் சுண்ணாம்பும் சுதையும்.

என்னை அதிகம் பொறாமைப்பட வைத்தது ஜெர்மனியின் நொய்வீட் வட்டாரத்துக் கல். சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே லாகர் சே எரிமலை வெடித்து, ரைன் ஆற்றங்கரையெங்கும் நுரைக்கல்லைக் கொட்டிவிட்டுப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அந்த மக்கள் நுரைக்கல்லைச் சுண்ணாம்புப் பாலில் பிசைந்து, அச்சில் அடித்து, காற்றில் உலர்த்திக் கல்லாக்கினார்கள். சூளை இல்லை, விறகு இல்லை. பொரிக்கும் வேலையை எரிமலை முன்பே முடித்துக்கொடுத்துவிட்டதால் அவர்களுக்கு எரிபொருள் செலவே சுண்ணாம்பு சுடுவதோடு நின்றது. அந்த வாய்ப்பு இல்லாத இடத்தில் மனிதன் தன் உலையில் பொரிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேட் என்ற செங்கல் தயாரிப்பாளர், அதிகம் வெந்து பொங்கிப்போய் விற்க முடியாத கற்களைத் தூக்கி எறியாமல் யோசித்து, களிப்பாறையை வேண்டுமென்றே பொங்கவைத்து எடை குறைந்த ஜல்லி செய்யும் முறைக்கு 1918இல் காப்புரிமை வாங்கினார். அப்பாவின் சூளையிலும் அடுப்புவாயை ஒட்டிய அடுக்கில் அப்படிப் பொங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கற்கள் ஒவ்வொரு சுட்டிலும் விழும். அவற்றை உடைத்துப் பள்ளம் நிரப்பப் போட்டோம். எங்களுக்கு யோசனை வரவில்லை.

என் முதல் வார்ப்பு முழுத் தோல்வி, அதற்கு நானே பொறுப்பு. சாம்பல் கல்லுக்கு இருக்கிற பான் மிக்சரும் ஹைட்ராலிக் பிரஸ்சும் இதற்கும் போதும் என்று நினைத்துவிட்டேன். மிக்சரின் உருளைகள் பத்து நிமிடம் சுற்றியதில் பொன்னிறப் பொருக்குகள் நொறுங்கிச் சாந்தாயின. பிரஸ் மிச்சத்தை நசுக்கியது. பொரி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. கல் எடை குறையவில்லை என்பதோடு இன்னொரு சிக்கலும் வந்தது: அழுத்தத்தை எடுத்ததும் நொறுங்காத தகடுகள் வில்போல் மீண்டு எழும்ப முயன்றதால், கல்லின் இடுப்பில் குறுக்காக ஒரு மயிர்க்கோடு விழுந்தது. மறுநாள் காலை பலகையிலிருந்து தூக்கியபோது கற்கள் வடைபோல் இரண்டாகப் பிரிந்துவந்தன. அன்றைக்கு வார்த்த 300 கல்லையும் குப்பைமேட்டில் கொட்டினோம்.

பிறகு இயந்திரத்தை விட்டுவிட்டுத் தரைக்கு வந்தோம். பட்டறையில் பதினைந்து ஆண்டாக வேலை பார்க்கும் அக்கா ஒருவர், அப்பா காலத்தில் கல் அறுத்தவர், இதற்கு வழி கண்டார். சிமெண்டைத் தண்ணீரில் முன்பே கூழாகக் கரைத்து, வெர்மிகுலைட்டைத் தரையில் பரப்பி, கூழைத் தெளித்துத் தெளித்து, உப்புமா கிளறுவதுபோல் மண்வெட்டியின் பின்புறத்தால் புரட்டினார். பொரிந்த வெர்மிகுலைட் தன் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு தண்ணீரைக் குடிக்கும் என்பதால், தண்ணீர் அளவைப் புத்தகம் பார்த்துச் சொல்வது கடினம். அக்காவின் அளவு இதுதான்: ஒரு பிடி கலவையை எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் இரண்டு சொட்டு மட்டும் வரவேண்டும், கையைத் திறந்தால் கொழுக்கட்டை உடையாமல் நிற்கவேண்டும். மரஅச்சில் நிரப்பி, பலகையால் மூன்று முறை மெதுவாகத் தட்டி எடுத்தோம். இம்முறை கல் நின்றது.

ஒரு பங்கு சிமெண்டுக்கு எட்டுப் பங்கு வெர்மிகுலைட் போட்டால் கன மீட்டருக்கு ஏறத்தாழ 400 கிலோ, நான்கு பங்கு போட்டால் 560 கிலோ. அதாவது நாட்டுக்கல் அளவில் ஒரு கல் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குள். ஆனால் தாங்குதிறன், எட்டுக்கு ஒன்றில் சதுர மில்லிமீட்டருக்கு 0.7 நியூட்டன், நான்குக்கு ஒன்றில் 1.2 நியூட்டன் என்ற அளவைத் தாண்டுவதில்லை. இந்தியத் தரநிலை 1077 சாதாரணச் சுட்ட செங்கல்லின் கடைசி வகுப்புக்கே 3.5 நியூட்டன் கேட்கிறது. ஒரு தள வீட்டில், பத்தடிச் சுவரின் சொந்த எடை அடிக்கல்லின்மேல் தரும் அழுத்தம் 0.06 நியூட்டன்கூட வராது என்று வாதிட்டுப் பார்க்கலாம்; நானும் வாதிட்டேன். கூரைச் சுமை, ஜன்னல் ஓரம், மூலை, ஏற்றி இறக்கும்போது படும் அடி, ஆணி அடிக்கும் வீட்டுக்காரர் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபின் வாதத்தை விட்டுவிட்டேன். வெர்மிகுலைட் மட்டும் போட்ட கல் சுமை தாங்கும் சுவருக்கு ஆகாது. மேஸ்திரியின் ரஸ்க் என்ற சொல்லில் இருந்த நியாயம் இதுதான்.

அடுத்து, எனக்கு மிகவும் உறுத்தலாக இருந்த கணக்கு. இந்தக் கல்லைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் உலையைத்தான் சந்தேகப்படுவார்கள்: 900 டிகிரிக்குச் சூடாக்கிப் பொரிக்கிறீர்களே, அதில் எங்கே வந்தது சுற்றுச்சூழல் நன்மை என்று கேட்பார்கள். பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு கல்லில் இருக்கிற வெர்மிகுலைட் 200 கிராமுக்குள்தான். அதைப் பொரிக்க ஆகும் எரிபொருள் சொற்பம். குற்றவாளி வேறு இடத்தில் இருந்தது. நான்குக்கு ஒன்று கலவையில் ஒரு கல்லுக்குள் ஏறத்தாழ 600 கிராம் சிமெண்டு உட்கார்ந்திருக்கிறது. வேறெதுவும் கலக்காத சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டு ஒரு கிலோ தயாராவதற்கு 800 கிராம் அளவுக்குக் கரியமில வாயு வெளியேறுகிறது. ஆக ஒரு கல்லின் தலையில் அரைக் கிலோ. மறுபுறம், புகைபோக்கி வைத்த நல்ல சூளையில் ஒரு லட்சம் செங்கல் வேக 15 முதல் 20 டன் நிலக்கரி என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த கணக்கு. ஒரு கல்லுக்கு 200 கிராம் நிலக்கரி என்று வைத்தால் அதன் புகை 400 கிராமுக்குள் அடங்கிவிடும். பசுமைக் கல் என்று பெயர் வைத்து நான் விற்க நினைத்த கல், அப்பாவின் காலத்துச் செங்கல்லைவிட அதிகம் கரியைச் சுமந்துகொண்டிருந்தது. மண் மிஞ்சியது உண்மை. காற்றுக்கு ஒரு மிச்சமும் இல்லை.

எடை குறைந்த கனிமம் எதுவானாலும் இந்தப் பொறி உண்டு. ஜல்லி எவ்வளவுக்கு எவ்வளவு இலேசாகவும் பொருபொருவென்றும் இருக்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு அதைக் கட்டிப்பிடிக்கப் பசை அதிகம் வேண்டும். அந்தப் பசை பெரும்பாலும் சிமெண்டு. ஆகவே எடை குறைந்த கல்லை யாராவது சூழலுக்கு உகந்தது என்று சொல்லி விற்றால், ஒரு கல்லில் எத்தனை கிராம் சிமெண்டு என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற விற்பனையாளர் பலரை நான் பார்த்துவிட்டேன்.

தீர்வு என் பட்டறையிலேயே குவிந்து கிடந்தது. சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் மூன்றையும் சேர்த்தால் சிமெண்டு செய்கிற வேலையை அவை மெதுவாகச் செய்யும். விசாகப்பட்டினத்தில் உருவாகி ஃபால்-ஜி என்ற பெயரில் பரவிய முறை அது. சாம்பலில் இருக்கும் சிலிக்கா, நீரில் சுண்ணாம்போடு சேர்ந்து பசையாகிறது. ஜிப்சம் முதல் சில நாள் வலுவுக்குக் கைகொடுக்கிறது. இந்தப் பசையில் வெர்மிகுலைட்டையும், கொஞ்சம் எம் சாண்டையும், கல்லின் முனை உதிராதிருக்க மிகச் சிறிதளவு சிமெண்டையும் சேர்த்துப் பல விகிதங்களில் வார்த்தோம். இப்போது நான் வைத்திருக்கும் கலவையில் ஒரு கல் 1.6 கிலோ வருகிறது. நாட்டுக்கல்லில் பாதியைவிடச் சற்று அதிகம். வலு செங்கல் தரநிலையின் கடைசி வகுப்பை இன்னும் தொடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதில் எதிர்பாராத ஒரு நன்மை இருந்தது. சாம்பல் கல்லுக்கு நாங்கள் மூன்று வாரமாவது காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்போம். ஒரு வேளை தவறினாலும் கல்லின் மேற்பரப்பு பொடியும். வெர்மிகுலைட் சேர்த்த கல் குடித்த தண்ணீரைத் தன் மடிப்புகளுக்குள் வைத்துக்கொண்டு, சுண்ணாம்புக்கு வேண்டியபோது உள்ளிருந்தே கொடுக்கிறது. சாக்கு போர்த்தி நிழலில் வைத்தால், தெளிப்பதைப் பாதியாகக் குறைத்தாலும் கல் ஏமாற்றவில்லை. கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் எங்கள் பக்கத்தில் இது சிறிய விஷயம் அல்ல. ஆனால் அதே குணத்தால் கல் உலர்வதற்கு நாளாகும். அவசரப்பட்டு ஈரத்தோடு அடுக்கினால், பூசிய பிறகு சுவரில் வெடிப்பு வரும்.

இத்தனைக்கும் பிறகு, இந்தக் கல் எதற்கு? பல மாடிக் கட்டடங்களில் எடை குறைவதே பெரிய லாபம். ஒன்பது அங்குலச் சுவர் பத்தடி உயரத்தில், ஒரு மீட்டர் நீளத்துக்கு 1,300 கிலோ வரை வரும். அது பாதியானால் பீமிலும் தூணிலும் கம்பி குறையும், அஸ்திவாரம் சிறுக்கும். நகரத்தில் ஏஏசி பிளாக் என்னும் காற்றுக்குமிழ் நிறைந்த கான்கிரீட் கல் பரவியதற்கு அதுவே காரணம். எங்கள் ஊரில் கட்டுவது தரைத்தளம், மிஞ்சினால் மேலே ஒரு மாடி. இங்கே சுவரின் எடையைக் குறைத்து யாருக்கும் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. எங்கள் துன்பம் வெயில். வைகாசியில் மொட்டைமாடித் தளம் பகலெல்லாம் காய்ந்து, இரவு பதினொரு மணிக்கு மின்விசிறியைப் போட்டால் மேலிருந்து அனலை அள்ளிக் கொட்டுகிற வீடுகளில்தான் நாங்கள் எல்லோரும் தூங்குகிறோம். செங்கல்லின் வழியே கடக்கும் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வெர்மிகுலைட் கலவையின் வழியே கடக்கும். அந்தக் குணத்துக்கு உரிய இடம் கூரை.

பழைய தலைமுறை இதை அறிந்திருந்தது. தளத்தின்மேல் செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்பில் கலந்து, கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். செங்கல் ஜல்லியும் காற்று நிறைந்த இலேசான ஜல்லிதான். இப்போது அந்த வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் தட்டுவதற்குப் பொறுமை இல்லை. நான் அந்த ஜல்லிக்குப் பதிலாக, ஆறுக்கு ஒன்று விகிதத்தில் வார்த்த இரண்டங்குலக் கனமுள்ள வெர்மிகுலைட் கற்களை என் வீட்டு மாடியில் பாதித் தளத்துக்கு மட்டும் பரப்பினேன். வலு குறைவு என்ற குற்றச்சாட்டு இங்கே எடுபடாது. கீழே கான்கிரீட் தளம் முழுச் சுமையையும் வாங்கிக்கொள்கிறது. சிமெண்டு விஷயத்திலும் இங்கே மனம் ஓரளவு ஒப்புகிறது, ஏனெனில் கல் மெல்லியது, ஒரு முறை போட்டால் வீடு உள்ளவரை ஒவ்வொரு கோடையிலும் ஏசியின் மணிநேரத்தைக் குறைத்துக் கடனை அடைக்கும்.

அந்தக் கோடையில் வித்தியாசம் தெரிந்தது. மாலை ஐந்து மணிக்கு நாற்காலிமேல் ஏறிக் கூரையின் உட்புறத்தைத் தொட்டால், ஒரு பக்கம் இளஞ்சூட்டுத் தோசைக்கல், மறுபக்கம் சாதாரணச் சுவர். படுக்கையைக் குளிர்ந்த பக்கத்துக்கு இழுத்துப் போடுவதில் வீட்டில் சண்டையே நடந்தது. ஆனால் ஐப்பசி மழையில் நான் அவமானப்பட்டேன். கற்களின் மேலே தட்டோடு பதித்து இணைப்புகளை அடைத்திருந்தாலும், கைப்பிடிச் சுவரோரம் இரண்டடி நீளத்துக்கு அடைப்பு சரியாக இல்லை. அந்தச் சந்து வழியாக இறங்கிய நீரைக் கற்கள் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டன. மழை நின்று மூன்று வாரம் ஆகியும் கீழே கூரையில் ஈரத்தடம் காயவில்லை. ஈரமான வெர்மிகுலைட் வெப்பத்தையும் தடுக்காது, ஏனெனில் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிடுகிறது. அந்த வரிசையைப் பெயர்த்து, வெயிலில் காயவைத்து, கீழே நீர்த்தடுப்புப் பூச்சு கொடுத்து, மேலே வாட்டத்தைச் சரிசெய்து, கைப்பிடிச் சுவரின் மூலையை வளைத்துப் பூசிய பிறகுதான் பிரச்சினை தீர்ந்தது. கல்லைவிட மூலைப் பூச்சு முக்கியம் என்பதை இப்போது வாங்க வருகிறவர்களிடம் முதலில் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். வெர்மிகுலைட் வாங்கும்போது அதில் ஆஸ்பெஸ்டாஸ் இழை இல்லை என்ற ஆய்வுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற ஊரில் பல பத்தாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்ட வெர்மிகுலைட்டில் அந்த இழை கலந்திருந்தது. சுரங்கம் 1990இல் மூடப்பட்டபின்னும் தொழிலாளர்களும் அவர்கள் வீட்டாரும் நுரையீரல் நோயில் மாண்டுகொண்டிருந்தார்கள். 2009இல் அந்நாட்டு அரசு அங்கே பொதுச் சுகாதார அவசரநிலையையே அறிவித்தது. வெர்மிகுலைட் தன்னளவில் நஞ்சு அல்ல, ஆனால் எந்தப் பாறையோடு பிறந்தது என்பது ஊருக்கு ஊர் மாறும். சான்று இருந்தாலும் தூசி தூசிதான். எங்கள் பட்டறையில் மூட்டையைப் பிரிப்பதற்கு முன் தண்ணீர் தெளிப்பது, முகக்கவசம் இல்லாமல் கொட்டுமிடத்துக்கு யாரும் போகக்கூடாது என்பது இரண்டும் கட்டாயம். புழுக்கத்தில் முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிடுகிற பழக்கத்தை மாற்ற, நானே அதைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

இப்போது இரண்டே அளவு வார்க்கிறோம். கூரைக்கு இரண்டங்குலக் கல், சுமை தாங்காத தடுப்புச் சுவருக்கும் மேற்குப் பார்த்த சுவரின் வெளிப்புற உறைக்கும் 1.6 கிலோ சாம்பல்-வெர்மிகுலைட் கல். சுமை தாங்கும் சுவருக்கு யாராவது கேட்டால், பழைய சாம்பல் கல் அடுக்கைக் கைகாட்டி விடுகிறேன். ரஸ்க் என்று சொன்ன மேஸ்திரி போன மாதம் தன் மகள் வீட்டு மாடிக்கு 400 கல் கேட்டு வந்தார். பழக்கத்தில் இரண்டைக் கையிலெடுத்தவர், தட்டாமல், விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கீறிப் பார்த்தார். கொஞ்சம் உதிர்ந்தது. "இன்னும் பத்து நாள் நிழல்ல கெடக்கட்டும் தம்பி, அப்புறமா வண்டி அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த 400 கல்லும் இன்னும் சாக்குக்கு அடியில்தான் இருக்கின்றன. மழை பிடிப்பதற்குள் ஏற்றிவிட வேண்டும்.